துண்டுக்குள் இருக்கும் கை: ரகசியம் என்ற சொல்லும் அதன் புழக்கமும்

வேலூரிலிருந்து பள்ளிகொண்டா பக்கம் போகிற சாலையில் பொய்கை இருக்கிறது. செவ்வாய்க்கிழமை தோறும் அங்கே மாட்டுச் சந்தை. விடிவதற்கு முன்பே வண்டிகள் வந்து நிற்கும். வெயில் ஏறும் நேரத்தில் போய்ப் பார்த்தால், கூட்டத்துக்கு நடுவே இரண்டு பேர் கை குலுக்குவது போல நின்றுகொண்டிருப்பார்கள். ஆனால் கை வெளியே தெரியாது. மேலே ஒரு துண்டு போர்த்தியிருக்கும். துண்டுக்கு அடியில் ஒருவர் இன்னொருவரின் விரலைப் பிடிக்கிறார். ஒரு விரல் என்றால் ஒரு தொகை, இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தால் வேறு தொகை. ஒரு விரலுக்கு எவ்வளவு என்பது இருவருக்கும் முன்பே தெரியும். வாயில் வருவது "பாருங்க", "சரி வராது", "இன்னும் கொஞ்சம்" என்பவை மட்டும்தான். சுற்றி நிற்பவர்கள் முகத்தைப் பார்த்து யூகிக்கலாம். விலை தெரியாது.

இங்கே யாரும் எங்கேயும் ஒளியவில்லை. நடுச்சந்தை, பட்டப்பகல். பேரம் நடக்கிறது என்பதும், யார் யாரோடு பேசுகிறார் என்பதும், எந்த மாட்டுக்கு என்பதும் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது ஓர் எண் மட்டும். அந்த எண் வெளியே போனால் அடுத்த மாட்டுக்கு விலை பேச முடியாது. வாங்குபவருக்கும் நஷ்டம், விற்பவருக்கும் நஷ்டம். அதனால் இருவரும் சேர்ந்தே அதை மறைக்கிறார்கள்.

ரகசியம் என்ற சொல்லை விளக்கச் சொன்னால் நான் இந்தத் துண்டைத்தான் காட்டுவேன். ரகசியம் என்றதும் இருட்டும் மூடிய கதவும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ரகசியம் இருப்பது இடத்தில் அல்ல, ஆட்களுக்கு நடுவில். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் யாருக்கு வலிக்கும் என்ற மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. இதைச் சொல்வதற்குத் தமிழில் ஒரு சொல் அல்ல, ஒரு கூட்டமே இருக்கிறது. அந்தச் சொற்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் 'ரகசியம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதால்தான், காக்க வேண்டியதை அம்பலப்படுத்துகிறோம், அம்பலப்படுத்த வேண்டியதைக் காத்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் எண்ணம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ரகசியம் வடமொழியிலிருந்து வந்தது. அதன் வேர் 'ரகஸ்'. தனிமை, ஆளில்லாத இடம் என்று பொருள். தனியாக ஒதுங்கி நின்று பேசுவது ரகசியம். அந்தரங்கம் என்பதும் வடமொழிதான், ஆனால் அது இடத்தைச் சொல்லவில்லை. உள்ளே இருக்கும் உறுப்பு, உள்ளுக்குள் இருப்பது என்பது அதன் பொருள். இந்த வேறுபாட்டைப் பேச்சு இன்னும் விட்டுவிடவில்லை. 'அந்தரங்கச் செயலாளர்' என்கிறோம். அவர் ஒருவரின் உள்வட்டத்து ஆள். 'ரகசியச் செயலாளர்' என்று யாரும் சொல்வதில்லை. 'ரகசிய போலீஸ்' உண்டு, 'அந்தரங்க போலீஸ்' கிடையாது. ரகசியத்தை ஒருவர் வைத்திருக்கிறார். அந்தரங்கம் ஒருவருக்கு இருக்கிறது. முன்னதை ஒருநாள் விட்டுவிடலாம். பின்னது உடம்போடு வருவது.

கமுக்கம் நல்ல தமிழ்ச் சொல். "ஆள் கமுக்கமானவன்" என்றால் பொய்யன் என்று அர்த்தமில்லை. கேட்டதை உள்ளேயே வைத்திருப்பவன், முகத்தில் காட்டாதவன் என்று பொருள். கொஞ்சம் பாராட்டும் கொஞ்சம் பயமும் கலந்த சொல் அது. கமுக்கட்டு என்றால் அக்குள். கமுக்கம் என்று கேட்கும்போதெல்லாம், எதையோ அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் போல நடந்து போகிற ஆள்தான் என் கண்ணுக்குத் தெரிகிறார். எங்கள் வட ஆற்காட்டுப் பேச்சில் "கம்முனு இரு" என்று ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறோம் என்று எண்ணிப் பார்க்க முடியாது. சத்தம் போடாதே என்பதும் அதுதான், யாரிடமும் சொல்லாதே என்பதும் அதுதான்.

இங்கே தெலுங்கும் உருதும் பேசுகிற வீடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. தெலுங்கில் ரகசியத்துக்குக் 'குட்டு' என்பார்கள். தமிழிலும் "குட்டு உடைந்தது" என்கிறோம், ஆனால் அது பெரும்பாலும் மோசடி வெளியே வரும்போது மட்டும்தான். "கப்சிப்னு இரு" என்பதில் உருது வீட்டுச் 'சுப்' ஒலிப்பதாகவே எனக்குக் கேட்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது" என்று செய்தித்தாள்கள் எழுதுகிற வழக்கம் ஆங்கிலத்திலிருந்து வந்தது. நமக்குச் சாயம் வெளுக்கும், வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறும், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பார்கள். இத்தனை இருக்க அந்தப் பூனைக்குட்டியை ஏன் தூக்கி வந்தோம் என்று எனக்குப் புரியவில்லை.

அன்றாடப் புழக்கத்தில் ரகசியம் என்ற சொல் நிறையத் தேய்ந்துவிட்டது. "உங்கள் அழகின் ரகசியம் என்ன" என்று கேட்கிற விளம்பரத்தில் அதற்கு 'காரணம்' என்பதுதான் பொருள். "கிடைத்த ரகசியத் தகவலின் பேரில் போலீசார்" என்று செய்தி தொடங்கினால், தகவல் கொடுத்தவர் பெயர் வராது என்று அர்த்தம். ஏ.டி.எம். அட்டைக்கு ரகசிய எண். "இது என்ன சிதம்பர ரகசியமா" என்று கேட்டால், இதில் மறைக்க ஒன்றுமில்லையே, சொல்லேன் என்று பொருள். சிதம்பரத்தில் திரைக்குப் பின்னால் இருப்பது வெட்டவெளியும் அதில் தொங்கும் பொன் வில்வ மாலையும்தான். அங்கே உருவம் இல்லை என்பதே உணர்த்தப்படும் பொருள். அதைத் தெரிந்து சொன்னாலும் தெரியாமல் சொன்னாலும் அந்தப் பேச்சு வழக்கு பொருந்தித்தான் போகிறது.

இந்தச் சொற்களுக்கெல்லாம் தாய் என்று நான் நினைப்பது 'மறை'. ஒரே வேரிலிருந்து இரண்டு வினை வருகிறது. சூரியன் மறைந்தது. சாவியை மறைத்தான். முன்னது தானாக நடப்பது, பின்னது ஒருவர் செய்வது. மறைவு வேறு, மறைப்பு வேறு. சுவரில் ஒட்டிய அஞ்சலிச் சுவரொட்டியில் 'மறைவு' என்றால் இறப்பு. ஆள் 'தலைமறைவு' என்றால் போலீஸ் தேடுகிறது. வேதத்துக்கும் மறை என்று பெயர். அப்படித்தான் மறைக்காடு வேதாரண்யம் ஆனது. கிறிஸ்தவர்களும் இதே சொல்லை எடுத்துக்கொண்டதால்தான் இங்கே 'வேலூர் மறைமாவட்டம்' என்ற பெயர்ப்பலகையைப் பார்க்கிறோம். புனிதமானதும் மறை, ஒளித்து வைத்ததும் மறை. எல்லோர் கையிலும் போய்விடக் கூடாத அளவுக்கு மதிப்புள்ளது என்ற எண்ணம் இரண்டையும் சேர்த்திருக்கலாம்.

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நெடுங்காலம் மூலவர் இல்லை. லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது. 1981இல்தான் அது மறுபடியும் கோட்டைக்குள் வந்து அமர்ந்தது. சாமி மறைந்ததா, மறைத்தார்களா என்றால், காப்பாற்ற மறைத்தார்கள் என்றுதான் ஊர் சொல்கிறது. மறைத்தல் என்ற சொல்லுக்கு இங்கே கெட்ட வாடை எதுவும் இல்லை.

திருவள்ளுவர் 'மறை'யை ரகசியம் என்ற பொருளிலேயே பல இடங்களில் ஆள்கிறார். கயவர்கள் தாம் கேட்ட மறையைப் பிறருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதால் அடிக்கப்படும் பறையைப் போன்றவர்கள், 'அறைபறை அன்னர்' என்கிறார். ஒற்றனுக்குப் பலர் அறியச் சிறப்புச் செய்தால் மறையைத் தானே வெளியே விட்டதாகும் என்பதும் அவர் சொன்னதுதான். இரண்டையும் சேர்த்துப் படித்தால், ரகசியம் வாயால் மட்டும் வெளியே போவதில்லை, கொடுக்கிற பரிசாலும் போகும் என்பது விளங்கும்.

சங்க இலக்கியத்தில் இது இன்னும் நுணுக்கமாக இருக்கிறது. காதலர்கள் யாருக்கும் தெரியாமல் சந்திப்பதற்குக் 'களவு' என்று பெயர். திருட்டுக்கும் அதே சொல். ஊரில் நாலு பேர் வாய்க்குள் முணுமுணுத்தால் 'அம்பல்'. அது மலர்ந்து ஊரெல்லாம் பரவினால் 'அலர்'. மொட்டும் பூவுமாக வதந்திக்கு இரண்டு பருவம் வகுத்திருக்கிறார்கள். ஆனால் என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்க வைப்பது இவை அல்ல. 'அறத்தொடு நிற்றல்' என்று ஒரு துறை இருக்கிறது. தலைவியின் காதலைத் தோழி, வளர்த்த தாயான செவிலிக்குச் சொல்கிறாள். செவிலி, பெற்ற தாயான நற்றாய்க்குச் சொல்கிறாள். வேறு இடத்தில் மகளைக் கொடுத்துவிடுவார்களோ என்ற நிலை வரும்போது, இதுவரை பொத்திக் காத்த ரகசியத்தை உரியவரிடம், உரிய நேரத்தில் திறக்கிறார்கள். அதற்கு வைத்த பெயரைப் பாருங்கள். காட்டிக்கொடுத்தல் என்று சொல்லவில்லை. அறத்தின் பக்கம் நிற்றல் என்றார்கள். ரகசியத்தைக் காப்பதற்கு எத்தனையோ மொழிகளில் நல்ல பெயர் இருக்கும். ரகசியத்தைச் சரியாகத் திறப்பதற்கு இவ்வளவு நல்ல பெயரை வைத்த மொழி நம்முடையது.

குழுவுக்குள் மட்டும் புரிகிற பேச்சுக்கு இலக்கணத்தில் 'குழூஉக்குறி' என்று பெயர். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். சொல்விளம்பி என்றால் சொல்லை வெளியே கொண்டுவருவது. குடித்தவன் வாயில் எது நிற்கும்? மறைத்துப் பேசுவதற்காகச் செய்த சொல்லே, மறைத்தது வெளியே வருவதைச் சொல்கிறது. பொய்கைச் சந்தையின் துண்டும் ஒரு குழூஉக்குறிதான், விரலால் பேசுவது.

இனி வீட்டுக்கு வருவோம். குடியாத்தம் பக்கத்தில் இருக்கும் என் பெரியம்மா பீடி சுற்றி வளர்ந்தவர், பீடி சுற்றியே பிள்ளைகளை வளர்த்தவர். வாரக் கூலியில் ஐம்பது, நூறு என்று ஒதுக்கி வைப்பார். அதற்குச் சிறுவாடு என்று பெயர். அரிசி டிரம்முக்குள் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், பாட்டிலுக்குள் ஒரு சுருக்குப் பை. அந்தப் பை வெளியே வருவதை நான் சிறுவயதில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அக்காவுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய நாள் அது. கையை அரிசிக்குள் முழங்கை வரை விட்டுத் தேடி எடுத்தார். கையில் ஒட்டிய தவிட்டு மாவைத் தட்டிக்கொண்டே, "பெரியப்பாகிட்ட சொல்லிடாத கண்ணு, கம்முனு இரு" என்றார்.

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. மறுநாள் காலையில் பெரியம்மாவிடமிருந்து போன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இதெல்லாம் கடுதாசி ஆயிடுமாப்பா" என்று கேட்டார். பையில் இருந்தவை 23 ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். வங்கிக்குப் போக வேண்டும், அடையாள அட்டை வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். ஒருவர் ஒரு தடவைக்கு 4,000 ரூபாய்தான் மாற்றலாம் என்ற வரம்பு வேறு. வீட்டில் யாருக்கும் சொல்லாமல் இதைச் செய்ய வழியே இல்லை. இரண்டாம் நாள் பெரியப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. "எனக்குத் தெரியாம இவ்ளோ பணமா" என்று கேட்டுவிட்டு அவர் பேசாமல் இருந்தார். பெரியம்மாவும் பேசவில்லை. பணம் முழுக்க மாறி வந்தது. சுருக்குப் பை மட்டும் அப்புறம் அரிசிக்குள் போகவே இல்லை.

அந்த வாரம் எங்கே பார்த்தாலும் 'கறுப்புப் பணம்', 'பதுக்கல்' என்ற பேச்சு. இல்லத்தரசிகள் இரண்டரை லட்சம் ரூபாய் வரை வங்கியில் போட்டால் வருமான வரித் துறை துருவாது என்று அரசே விளக்கம் சொன்னது. சிறுவாடு வேறு, பதுக்கல் வேறு என்று அரசுக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் தெருவில் இரண்டையும் ஒரே மாதிரிதான் பார்த்தார்கள். ஒருவர் வரி கட்டாமல் ஏமாற்றுவதற்காக மறைத்தார், இன்னொருவர் குடும்பம் மூழ்காமல் இருப்பதற்காக மறைத்தார். செயல் ஒன்றுதான். யாருக்காக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிறுவாட்டுக்கு நம் மொழி தனிச் சொல் வைத்திருப்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடிவதில்லை. எத்தனை தலைமுறைப் பெண்கள் அந்தச் சொல்லின் மறைவில் மூச்சு விட்டிருப்பார்கள்!

வேலூர் என்றால் 1806இல் ஆங்கிலேயருக்கு எதிராக நடந்த சிப்பாய்க் கிளர்ச்சியை விட்டுவிட முடியாது. மக்கான் சந்திப்பில் நினைவுத் தூண் நிற்கிறது. நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, புது மாதிரித் தலைப்பாகைதான் அணிய வேண்டும் என்ற உத்தரவுகளால் சிப்பாய்கள் கொதித்துப் போயிருந்தார்கள். திப்பு சுல்தானின் குடும்பத்தாரைக் கோட்டைக்குள்தான் காவலில் வைத்திருந்தார்கள். ஜூலை 10 விடியுமுன் கிளர்ச்சி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அதை அடக்கினார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள்.

ரகசியத்தின் கோணத்திலிருந்து பார்த்தால், கிளர்ச்சிக்குச் சில வாரம் முந்தைய ஒரு நிகழ்ச்சிதான் முக்கியம். ஜூன் மாதம் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் மேலதிகாரியிடம் போய், வெள்ளை அதிகாரிகளைக் கொல்லச் சதி நடக்கிறது என்று சொல்லிவிட்டார். அதை விசாரிக்கும் பொறுப்பு இந்திய அதிகாரிகளிடமே போனது. இவன் பைத்தியம், நம்பாதீர்கள் என்று அவர்கள் சொன்னார்கள். முஸ்தபா பேக்கை விலங்கிட்டு அடைத்தார்கள். கிளர்ச்சி அடங்கியபின் அதே ஆளுக்குப் பணமும் ஓய்வூதியமும் கொடுத்தார்கள். ஆக, ரகசியம் வெளியே வந்த பிறகும் ரகசியமாகவே இருந்தது. சொன்னவரை நம்ப முடியாதவர் ஆக்கிவிட்டால் போதும், சொன்ன செய்தி தானாக மறைந்துவிடும். சிப்பாய்களின் கோபம் நியாயமானது, அந்தச் சிப்பாய்களை நான் மதிக்கிறேன். ஆனாலும் 'பைத்தியம்' என்ற அந்த முத்திரை இன்று வரைக்கும் எத்தனை வீடுகளில், எத்தனை அலுவலகங்களில் அதே வேலையைச் செய்கிறது என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

இன்னொரு ரகசியம் காட்பாடிக்கு ரயிலில் வந்தது. 1986ஆம் ஆண்டு. சென்னையில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த நிர்மலா என்ற மாணவி, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் எச்.ஐ.வி. பற்றி ஆய்வு செய்தார். இந்தியாவில் அந்த நோய் வராது என்று பலரும் நம்பிய காலம். பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரி எடுத்தார். சோதித்துப் பார்க்கிற வசதி சென்னையில் இல்லை, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இருந்தது. மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து, கணவரின் துணையோடு இரவு ரயில் ஏறிக் காட்பாடியில் வந்து இறங்கினார். வேலூரில் நடந்த சோதனையில் ஆறு மாதிரிகள் நிறம் மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரிந்தது அன்றைக்குத்தான். உறுதியாகும் வரை வெளியே சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி.ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தபோதுதான் நாட்டுக்குத் தெரிந்தது.

இந்த ஒரே நிகழ்ச்சிக்குள் மூன்று விதமான ரகசியம் அடுக்கடுக்காக இருக்கிறது. முடிவு உறுதியாகும் வரை பேசாமல் இருந்தது அறிவியலுக்குத் தேவையான நிதானம். அந்தப் பெண்களின் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொண்டது அந்தரங்கம். ஆனால் எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்பது அந்தப் பெண்களுக்கே சொல்லப்படவில்லை. தன் உடம்பைப் பற்றிய செய்தி தனக்கே ரகசியமாக இருப்பதுதான் மூன்றாவது. அந்தக் காலத்தில் அது பெரிய தவறாக யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஆய்வு பல உயிர்களைக் காத்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருந்தாலும் அந்த மூன்றாவதை மட்டும் மனம் ஒப்பவில்லை. 2017இல் வந்த எச்.ஐ.வி. சட்டம் இதைத் தெளிவாகப் பிரித்துவிட்டது. விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்காமல் சோதிக்கக் கூடாது, சம்மதம் இல்லாமல் முடிவை இன்னொருவரிடம் சொல்லவும் கூடாது. அதே 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது.

மருத்துவத்துக்காக எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து தங்குகிற ஊர் இது. ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தவர் "என்ன நோய், எந்த டாக்டர், எவ்வளவு செலவு" என்று கேட்பது இங்கே சகஜம். அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் மகளின் பரிசோதனைத் தாளை முந்தானைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, "சும்மா சளிதான்" என்று பதில் சொல்கிற தாயை நான் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னதைப் பொய் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை.

தேர்தலுக்கு வந்தால் 'ரகசிய வாக்கெடுப்பு' என்ற சொல். யாருக்குப் போட்டாய் என்று நீதிமன்றத்தில்கூட ஒரு சாட்சியைக் கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது. வாக்கின் ரகசியத்தை உடைக்கிற தேர்தல் ஊழியருக்கு மூன்று மாதம் வரை சிறை என்று 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. யாருக்கும் போட விருப்பமில்லை என்பவர் முன்பெல்லாம் 49-ஓ விதிப்படி அதிகாரி முன்னால் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. சாவடியில் உட்கார்ந்திருக்கும் முகவர்களுக்கெல்லாம் அது தெரிந்துவிடும். போடாமல் இருப்பதும் ரகசியமாக இருக்க வேண்டும் என்று 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபின்தான் 'நோட்டா' பொத்தான் வந்தது.

இதில் ஓர் ஓட்டை இன்னும் இருக்கிறது. ஒருவர் போட்ட வாக்கு தெரியாது. ஆனால் எண்ணிக்கை இயந்திரம் இயந்திரமாக, சாவடி சாவடியாக நடக்கிறது, விவரமும் வெளியாகிறது. இந்தத் தெரு யாருக்குப் போட்டது, அந்தக் காலனி யாருக்குப் போட்டது என்பது மறுநாளே கட்சிக்காரர்களுக்குத் தெரியும். சிறிய ஊர்களில் அது ஏறக்குறைய பெயர் தெரிந்ததற்குச் சமம். தெருவிளக்கு வரவில்லை, சாலை வரவில்லை என்றால் அந்த மக்கள் காரணத்தை அங்கேதான் தேடுகிறார்கள். வாக்குச் சீட்டு இருந்த காலத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ணும் முறை இருந்தது. பல இயந்திரங்களின் எண்ணிக்கையைச் சேர்த்துக் காட்டும் கருவியைக் கொண்டுவரலாம் என்று தேர்தல் ஆணையமே யோசனை சொல்லியும் அது நடைமுறைக்கு வரவில்லை.

2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தல், வாக்காளர்களுக்குக் கொடுக்க வைத்திருந்ததாகக் கோடிக்கணக்கில் பணம் சிக்கியதால், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ரத்தானது. ஆகஸ்ட் 5இல்தான் நடந்தது. வாக்குக்குக் காசு கொடுப்பது ஊரறிந்த ரகசியம் என்பார்கள். ஊருக்கே தெரிந்தது எப்படி ரகசியம் ஆகும்? எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் சாட்சி சொல்ல மாட்டார்கள் என்பதுதான் அதன் பொருள். பெரியம்மாவின் சிறுவாட்டுக்கு நேர் எதிரானது இது. அங்கே ஒருவருக்கும் தெரியாது, தெரிந்திருந்தாலும் யாருக்கும் தீங்கில்லை.

அரசுக் கோப்புகளில் ரகசியம் என்ற பொருளில் 'மந்தணம்' என்ற சொல் புழங்குகிறது. வெளியே பேச்சில் வராது. அமைச்சர்கள் பதவிப் பிரமாணத்தோடு ரகசியக் காப்புப் பிரமாணமும் எடுக்கிறார்கள். சட்டமன்ற உறுப்பினர்களுக்கு அந்த இரண்டாவது பிரமாணம் கிடையாது, கோப்பு அவர்கள் கைக்கு வராது என்பதால். 1923இல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் இருக்கிறது. ஆனால் 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம், முரண்பாடு வந்தால் தனக்கே முதலிடம் என்று 22ஆம் பிரிவில் எழுதிவைத்திருக்கிறது. எங்கள் பகுதியில் ஏரிக்கால்வாய் ஆக்கிரமிப்பு, தோல் கழிவு நீர் என்று எதைக் கேட்டாலும், "அது உள் விவகாரம்" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற அலுவலகத்துக்கு நான் பல தடவை போயிருக்கிறேன். பாலாற்று மணலுக்குக் கீழே என்ன ஓடுகிறது என்பதில் எந்த அந்தரங்கமும் இல்லை. அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களிடம் அதை மறைப்பதற்கு மந்தணம் என்ற முத்திரை பொருந்தாது.

கடைசியாக, இந்தச் சொல் எல்லாவற்றையும் விடக் கொடுமையாகப் பயன்படுகிற இடத்தைப் பற்றி எழுதாமல் விட முடியவில்லை. குழந்தையிடம் "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள ரகசியம், அம்மாகிட்ட சொல்லக் கூடாது" என்று சொல்கிற பெரிய ஆள். பெரும்பாலும் தெரிந்த ஆள், மாமா என்றோ சித்தப்பா என்றோ கூப்பிடப்படுகிறவர். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காப்பதற்கான 2012இன் போக்சோ சட்டம் இங்கே இரண்டு வேலையை ஒன்றாகச் செய்கிறது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம், யாராக இருந்தாலும் புகார் கொடுக்க வேண்டும். அதே சமயம் அந்தக் குழந்தையின் பெயரையோ, வீட்டையோ, பள்ளியையோ ஊடகங்கள் வெளியிடுவதும் குற்றம். செய்தவன் வைத்த ரகசியத்தை உடை, குழந்தையின் அந்தரங்கத்தைக் காப்பாற்று என்று ஒரே சட்டம் சொல்கிறது. ரகசியம் வேறு, அந்தரங்கம் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

என் அக்கா இப்போது ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. அரிசி டிரம்மிலிருந்து கட்டணம் கட்டிப் படித்த அதே அக்கா. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக் கொடுக்கிறாய் என்று கேட்டேன். "அப்பாவுக்குப் பொறந்த நாளுக்குச் சட்டை வாங்கி வச்சிருந்தா சொல்லாதீங்க, நாளைக்கு அவங்களே பாத்துடுவாங்க. ஆனா யாராவது 'எப்பவுமே சொல்லாத'ன்னு சொன்னா, அன்னிக்கே வந்து என்கிட்ட சொல்லுங்க" என்று சொல்வாளாம். அப்புறம் கரும்பலகையில் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ எழுதுவாள். பிள்ளைகள் சத்தமாக நாலு இலக்கத்தையும் சொல்லிப் பார்ப்பார்கள். போன வாரம் ஒரு சின்னப் பெண் வகுப்பு முடிந்ததும் மேசைப் பக்கத்தில் வந்து நின்றாளாம். அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை.